ஐந்து மைல்

அன்னிய தேசத்தில் வீடு கட்டுகிறவனுக்கு இரண்டு சபலங்கள். ஒன்று, தன் ஊரைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவைப்பது. வெள்ளைக்காரன் காலத்து மலைவாசஸ்தலங்களில் இதற்கு உதாரணம் ஏராளம்; பேச ஒன்றுமில்லை. மற்றது நுட்பமானது: வந்த இடத்தின் ஏழ்மையை அழகு என்று பார்ப்பது. லாரி பேக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாவதிலிருந்து அவர் தப்பியதை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாவதைக் குறித்துத்தான் எனக்குக் கேள்வி.

பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்தவர், குவேக்கர். யுத்தகாலத்தில் சீனாவில் மருத்துவச் சேவை செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைத்தவையாக இருக்க வேண்டும் என்று காந்தி அபிப்பிராயப்பட்டது பேக்கர் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம். 1945இல் தொழுநோயாளர் இல்லங்கள் கட்டும் வேலைக்காக இந்தியா வந்தார். பிறகு பித்தோராகட் மலைப்பகுதி, கடைசியில் திருவனந்தபுரம். மலையில் அவர் படித்த கட்டடக்கலை உதவவில்லை. அங்கத்திய ஜனங்கள் கல்லும் மண்ணும் மரமுமாகக் கட்டியிருந்த வீடுகளிடம் போய்ப் பாடம் கேட்டார்.

இதை வைத்து அவரை ஒரு சுதேசியாக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட எலிப்பொறிக் கட்டு – செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல்லில் ஏறக்குறையக் கால்பங்கு மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெயிலை மட்டுப்படுத்தும் – இங்கிலாந்திலிருந்து வந்தது. கூரைத் தளத்தின் அடிப்பாகத்தில், கான்கிரீட்டுக்கு வேலையே இல்லாத இடத்தில், அவர் பதித்த மங்களூர் ஓடு? அதற்கு 1860களில் தொழிற்சாலை வைத்தவர்கள் பாசல் மிஷன் பாதிரிமார். 'மண்வாசனை' என்று விமர்சனத்தில் வாய்க்கு வாய் எழுதும் நண்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். ஐந்து மைல் என்பதைப் பூர்வீகத்தின் அளவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வண்டிச் சத்தத்தின், எரிகிற விறகின் அளவு அது. யோசனை எந்தக் கடலைத் தாண்டியும் வரலாம். சிமெண்ட் மூட்டைக்குத்தான் தூரக் கணக்கு.

செங்கல்லும் நிரபராதியல்ல. சூளைக்கு விறகு வேண்டும். பேக்கருக்கு இது தெரிந்தே இருந்தது. சுடாத மண் சுவருக்காகவும் அவர் வாதாடினார்.

சிக்கல் இங்கேதான். மண் சுவர் அவருடைய தேர்வு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் ஓட்டுக் கூரை போட்டுக்கொள்ள ஒரு காலத்தில் தடை இருந்தது. ஓலையும் மண்ணும் அவர்களுக்கு விதிக்கப்பட்டவை. அந்தக் குடும்பத்துப் பேரன் இன்று தளம் போட்டு, சுவரைப் பூசி, பளிச்சென்று வர்ணம் அடிக்கிறான் என்றால் அதை நாகரிக மோகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சிமெண்டுக்குச் சாதி ஞாபகம் கிடையாது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கரியமிலவாயு கக்குகிற பொருள் அது, சித்திரை வெயிலில் அந்தத் தளத்தின் கீழ் படுக்க முடியாது – எல்லாம் வாஸ்தவம். ஆனால் மண்தான் உனக்குச் சிறந்தது என்ற வாக்கியத்தை அவன் வம்சம் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறது, வேறு வாய்களிலிருந்து.

நான் வேலை பார்க்கும் வங்கியில் வீட்டுக்கடன் மனுக்கள் என் மேஜை வழியாகப் போகின்றன. மண் சுவருக்கு ஈடு மதிப்புப் போட்டுக்கொடுத்த மதிப்பீட்டாளர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. மண்ணின் மகத்துவத்தை ஏழையிடம் பேசுகிற அதே சமூகம் அந்தச் சுவரின் பேரில் அவனுக்கு நூறு ரூபாய் தராது.

பேக்கரின் எளிமை அவரை இந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. எளிமையும் ஓர் அலங்காரமாகக் கூடும். காப்பாற்றுவது, அவர் யாரிடமிருந்து ஆரம்பித்தார் என்பது. நாலாஞ்சிறாவில், யாரும் வீட்டுமனை என்று மதிக்காத பாறைச் சரிவில், நிலத்தை வெட்டிச் சமன்செய்யாமல், இடித்த கட்டடங்களின் கதவு ஜன்னல்களையும் ஓட்டுச் சில்லுகளையும் காலி பாட்டில்களையும் சேர்த்துத் தன் வீட்டைக் கட்டினார். 2007இல் இறக்கும்வரை வீடு என்று அவருக்கு இருந்தது அதுதான். 1970களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில், பூசாத செங்கல் சுவர்களுக்கும் ஜாலித் துவாரங்களின் வெளிச்சத்துக்கும் நடுவே உட்கார்ந்தவர்கள் பொருளாதாரப் பேராசிரியர்கள். பளிங்கு கேட்டிருக்கக் கூடியவர்கள். அந்தச் சுவரை அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு ஒரு குடிசைவாசி ஒப்புக்கொள்வதைவிட அர்த்தம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

அவர் பாணி என்று சொல்லிக்கொண்டு இப்போது இங்கேயும் வீடுகள் எழும்புகின்றன. அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள், சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நான் பார்த்தவை பெரும்பாலும் சனி ஞாயிறுக்கு வந்துபோகிற வீடுகள். மற்ற ஐந்து நாட்களுக்கான வீடு பட்டணத்தில், கான்கிரீட்டில், ஏஸி பொருத்தப்பட்டு இருக்கிறது.