சாட்சி இல்லாத படம்

அணுயுத்தத்துக்குப் பிந்திய உலகைப் படமெடுப்பவன் முதலிலேயே ஒரு பொய்யை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது: அங்கே ஒரு காமிரா மிஞ்சியிருக்கிறது என்ற பொய். ஹிரோஷிமாவைப் பற்றி எடுப்பவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 1998 பொக்ரான் சோதனைகளை அடுத்து ஆனந்த் பட்வர்தன் எடுத்து, 2002இல் வெளிவந்த ‘போரும் அமைதியும்’ ஆவணப்படத்தில், அங்கே பிழைத்தவர்கள் தாங்களே பேசுகிறார்கள். சாட்சி இருக்கிறான், கேட்பதற்கு அழியாத உலகம் ஒன்றும் இருக்கிறது. கேட்கும் உலகமும் போய்விட்டால் யார், யாரிடம் சொல்வது?

பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் பிபிசிக்காக எடுத்த ‘தி வார் கேம்’ படத்தில் சாதாரண ஜனங்களே நடித்தார்கள். ஒளிபரப்பத் தகாத கோரம் என்று பிபிசி அதை 1985வரை டெலிவிஷனில் காட்டவில்லை. ஆனால் அதன் செய்திக்குரல் நிதானமாக விளக்கிக்கொண்டே போகிறது. விளக்க ஒருவன் இருக்கும்வரை எல்லாம் முடிந்துவிடவில்லை என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. 1983இல் அமெரிக்காவில் சுமார் பத்துக் கோடிப் பேர் பார்த்த ‘தி டே ஆஃப்டர்’, நிஜம் இதைவிடக் கொடுமையாக இருக்கும் என்று முடிவில் எழுதிக் காட்டியது. நேர்மையான வாசகம். ஆனால் வாசகம் என்றால் வாசிப்பவனும் உண்டு.

பாரி ஹைன்ஸ் எழுதி மிக் ஜாக்சன் இயக்கிய ‘த்ரெட்ஸ்’ (1984) படத்திலும் விளக்கக் குரல் உண்டு. எனினும் ஷெஃபீல்ட் நகரின் அழிவோடு அது நிற்பதில்லை. பதின்மூன்று வருஷங்கள் கடந்து போகிறது. யுத்தத்துக்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் பாஷையின் துண்டுகள்தாம் இருக்கின்றன. பழைய கல்வி வீடியோ ஒன்றின் முன் வெறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிணக்குவியலைவிட எனக்கு இதுவே தாங்கமுடியாததாக இருக்கிறது.

பொம்மையார்பாளையத்தில் அப்படியொரு படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காமிரா நேரே கடல் அரித்த கரைக்குத்தான் போகும். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வடக்கே வரவேண்டிய மணலை மறித்ததில் தேய்ந்த கரை அது. இடிந்த சுவர்கள் படத்துக்குத் தோதானவை. ஆனால் வீடு போனவர்கள் அதைச் சொல்ல இருக்கிறார்கள். அரசாங்கத்தைத் திட்டவும் செய்கிறார்கள். அது முடிவல்ல. முடிவு வேறு மாதிரி வரும். தகப்பன் காற்றைக் காட்டி ‘கொண்டல்’ என்பான். மகனுக்கு அது வெறும் சத்தமாகக் கேட்கும். கடலுக்குப் போகாத தலைமுறைக்கு அந்தச் சொல் எதற்கு? இதை எப்படிப் படமெடுப்பது?

எழுதுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. உலகம் அழிந்த பின்னும் நம் கவிதைகளில் புலம்புவதற்கு ஒரு கவிஞன் மிஞ்சிவிடுகிறான். தன் குரல் இல்லாத உலகத்தை நினைத்துப்பார்க்க நாம் மறுப்பதுதான் இது என்று தோன்றுகிறது. அழிவைக் கற்பனை செய்துவிட்டோம் என்ற திருப்தியை இது நமக்குத் தருகிறது. அந்தத் திருப்தியோடு ஆயுதங்களுக்குப் பக்கத்தில் சௌகரியமாக வாழவும் முடிகிறது.

பேச்சற்ற நிலையைப் பேசித்தானே காட்டவேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். படம் இந்த முரணிலிருந்து தப்ப முடியாது. மறைக்காமல் இருக்க முடியும். மறைத்த படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டு, எழுந்து சாப்பிடப் போய்விடலாம்.