பதினோரு ராத்திரிக்கு என்ன விலை?

போன வருஷம் மழைக்காலத்தில், ஊரில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு நிமோனியா. ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். நான் சென்னையில். தகவல் தெரிந்து, பஸ் பிடித்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிர்வீட்டுப் பெண் எல்லாவற்றையும் முடித்திருந்தாள். ஆட்டோவில் ஏற்றி, அட்மிட் செய்து, 'உறவுமுறை' என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். நான் மூன்று நாள் இருந்தேன். அதற்கு மேல் லீவு இல்லை. அவள் பதினோரு ராத்திரி இருந்தாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, அம்மா இருமும்போதெல்லாம் எழுந்து முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று ஒரு கவரில் ஐயாயிரம் ரூபாய் போட்டு அவளிடம் நீட்டினேன். "செலவுக்கு வச்சுக்கம்மா" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தாள். "ஏண்ணே, பெரியம்மாவை நான் கூலிக்கா பாத்துக்கிட்டேன்?" என்றாள். கவர் என் கையிலேயே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் கிடந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததும் போனில் கத்தினேன். "எதிர்த்த வீட்ல ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"எந்த முகத்தோடடா போயி நிக்கிறது? பதினோரு ராத்திரிக்கே நான் இன்னும் ஒண்ணும் செய்யல."

யோசித்துப் பாருங்கள். அவள் காசு வாங்க மாட்டாள். வாங்காததால் அம்மாவால் இரண்டாவது தடவை கேட்க முடியவில்லை. ஒரு பெரிய நல்ல காரியம் நடந்து, அதன் பலனாக ஒரு கதவு சாத்திக்கொண்டது. உதவியைக் கணக்குப் பார்ப்பது தப்பு என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கே பார்க்காமல் விட்டால் இப்படியும் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் எட்கர் கான் என்று ஒரு சட்டப் பேராசிரியர். ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று மனைவி ஜீனுடன் சேர்ந்து போராடியவர். 1980-ல் அவருக்குக் கடுமையான மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் வேலை செய்யக் கூடாது, அலையக் கூடாது. மற்றவர்கள் செய்ய, இவர் படுத்தபடி வாங்கிக்கொள்ள வேண்டும். அவரைத் தின்றது இதயத்து வலியைவிட, 'இனி நான் யாருக்கும் உபயோகமில்லை' என்ற நினைப்புதான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓய்வு பெற்றவர்கள், வேலை போனவர்கள், படிப்பை விட்ட பையன்கள் என்று எத்தனை பேரை ஊர் இப்படி ஓரமாக உட்கார வைத்து, 'பாவம்' என்று சோறு போட்டுக்கொண்டிருக்கிறது!

அவர் கண்டுபிடித்ததுதான் 'டைம் டாலர்'. நீங்கள் யாருக்காவது ஒரு மணி நேரம் உழைத்தால் உங்கள் பெயரில் ஒரு மணி நேரம் வரவு. அதை வைத்து வேறு யாரிடமாவது ஒரு மணி நேரம் உதவி வாங்கிக்கொள்ளலாம். வக்கீலின் ஒரு மணியும் ஒரு மணிதான், பாத்திரம் தேய்ப்பவரின் ஒரு மணியும் ஒரு மணிதான். ரூபாயாக மாற்ற முடியாது. வட்டி கிடையாது.

'டாக்டர் பத்து வருஷம் படித்தவர், அவருக்கும் இவருக்கும் ஒரே கணக்கா?' என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் வாஷிங்டனில் ஷா என்ற பேட்டையில் நடந்ததைப் பாருங்கள். போதை மருந்து விற்பவர்கள் வீடுகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்களைப் பாடாய்ப்படுத்தினார்கள். ஒரு பெரிய வக்கீல் நிறுவனம் அவர்களுக்காக வழக்கு நடத்தியது. தர்மத்துக்கு அல்ல, பில் போட்டுத்தான். பில் மணிக்கணக்கில். பேட்டைக்காரர்கள் தெருவைப் பெருக்கி, செடி நட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு அந்த மணிகளைக் கழித்தார்கள். வக்கீல்களுக்கு இதனால் காலணா லாபமில்லை. ஆனால் அந்த ஜனங்கள் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

கான் 2022-ல் காலமானார். இன்று பல நாடுகளில் இதற்கு 'டைம் பேங்க்' என்று பெயர்.

அவருக்கும் முன்னாலேயே இதைச் செய்து காட்டியவர் ஒரு ஜப்பான் குடும்பப் பெண்மணி, தெருகோ மிசுஷிமா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காசுக்கு மதிப்பில்லாமல் போனபோது, துணி தைத்துக் கொடுத்துக் காய்கறி வாங்கியவர். அந்த அனுபவத்தை வைத்து, 1973-ல் ஒசாகாவில் ஓர் 'உழைப்பு வங்கி' தொடங்கினார். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இளம் வயதில் மணிகளைச் சேர்த்து வை, பிரசவத்துக்கோ முதுமைக்கோ எடுத்துக்கொள் என்பதுதான் திட்டம். பெண்கள் காலம் பூரா செய்யும் வேலையை எந்தக் கணக்குப் பிள்ளையும் எழுதுவதில்லையே, நாமே எழுதிவிடுவோம் என்ற பிடிவாதம் அதில் இருந்தது.

பிற்பாடு அங்கே 'ஃபுரேய் கிப்பு' வந்தது. அன்புச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதைப் பரப்பியவர்களில் ஒருவர் சுதோமு ஹொட்டா. முன்னாள் பிரதமர் தனாகா சிக்கிய லாக்ஹீட் ஊழல் வழக்கில் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, 1991-ல் முதியோர் சேவைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். நம்மூரில் இப்படி யாராவது செய்தால் அரசியலுக்கு வரப்போகிறார் என்போம்.

இந்த அன்புச் சீட்டில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. நீங்கள் டோக்கியோவில் வேலையில் இருக்கிறீர்கள், அம்மா தூரத்தில் வேறு ஊரில். நீங்கள் டோக்கியோவில் ஒரு முதியவருக்குத் துணி துவைத்து, கடைக்குப் போய் வந்தால், அந்த மணிகளை அம்மா ஊருக்கு மாற்றிவிடலாம். அங்கே ஒருவர் அம்மாவுக்குச் செய்வார். நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். எட்டு வருஷமாக லிஃப்ட்டில் பார்க்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

சரி, என் ஐயாயிரத்துக்கு வருகிறேன். அவள் முகம் ஏன் மாறியது?

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது, 2000-ல் வெளியானது. சாயங்காலம் பிள்ளையை அழைத்துப் போகச் சில பெற்றோர் தாமதமாக வருகிறார்கள். ஆசிரியை பாவம், காத்திருக்கிறாள். பத்துக் காப்பகங்களில் ஆறில், லேட்டாக வந்தால் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது! முன்பு 'ஐயோ, டீச்சர் காத்திருப்பாங்களே' என்று ஓடி வந்தவர்கள், இப்போது 'அதான் காசு கட்டுகிறோமே' என்று நிதானமாக வந்தார்கள். அதைவிட மோசம், அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

நான் நீட்டிய கவரும் அந்த மாதிரிதான். 'நீ செய்ததற்கு இதோ விலை. நாம் சரியாகிவிட்டோம்' என்று அந்தக் கவர் பேசியிருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் ரூபாய்க்கு வேறு பாஷை பேசத் தெரியாது. மணிக்கு மணி என்ற கணக்கில் அந்த வாடை இல்லை. நீ எனக்காக விழித்திருந்தாய், நானும் யாருக்காவது விழித்திருக்கிறேன். சரக்கும் அதேதான், விலையும் அதேதான்.

அதற்காக மணிக்கணக்கு எழுதினால் எல்லாரும் உத்தமர்கள் ஆகிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். வாஷிங்டனில் கேபிடல் ஹில் பகுதியில் 1970-களில் சுமார் 150 தம்பதிகள் சேர்ந்து, குழந்தைகளை முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளக் கூப்பன் ஏற்பாடு செய்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாம் நின்றுபோனது. கூப்பனைச் சேர்த்து வைக்க எல்லாருக்கும் ஆசை. 'இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல அத்தனை பேர். 'என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் சினிமாவுக்குப் போகிறோம்' என்று சொல்ல ஆளில்லை! கூடுதலாகக் கூப்பன் அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் வண்டி மறுபடி ஓடியது. கொடுக்க மட்டும் தெரிந்து வாங்கத் தெரியாதவர்களும் இடைஞ்சல்தான். என் அம்மாவைப் போல.

ஆனால் அம்மாவுக்கு வாங்கவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் மொய் விருந்துக்குப் பேர் போனது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்துவிட்டால் பந்தலும் கிடா வாசனையும்தான். 1992-ல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தில் இலைக்கு அடியில் பணம் வைப்பார்களே, அது ஞாபகம் இருக்கும். அது கொங்கு நாட்டுக் கதை. எங்கள் ஊரில் மேஜை போட்டு, ஒருவர் எண்ண, ஒருவர் நோட்டில் எழுதுவார். ஒரு வீட்டுக்குச் சில வருஷங்களுக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். சேரும் பணத்தில் ஒருவன் கிணறு வெட்டுவான், ஒருவன் பெண்ணைக் கட்டிக் கொடுப்பான். பாங்கு இல்லை, ஜாமீன் இல்லை. நோட்டும் ஊர் வாயும்தான் பத்திரம்.

இதில் நுணுக்கமான சங்கதி ஒன்று இருக்கிறது. ஐந்நூறு வாங்கியவன் ஐந்நூறாகத் திருப்பிச் செய்ய மாட்டான். ஆயிரம் செய்வான். பழையது ஐந்நூறு, புதுசு ஐந்நூறு. சரியாக ஐந்நூறே வைத்தால், கணக்கை முடித்துக்கொள்கிறான், உறவு போதும் என்கிறான் என்று அர்த்தம். நைஜீரியாவில் திவ் என்ற ஜனங்களிடமும் இதே வழக்கம் இருந்ததை டேவிட் கிரேபர் கடனைப் பற்றி 2011-ல் எழுதிய புத்தகத்தில் சொல்கிறார். அங்கே ஆராய்ச்சிக்குப் போன லாரா போஹனன் என்ற பெண்மணிக்கு அக்கம்பக்கத்தார் முட்டை, கடலை என்று கொண்டு வந்து தருகிறார்கள். திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூடவோ குறையவோதான் தர வேண்டுமாம். அதே மதிப்புக்குச் சரியாகத் தந்தால் 'இனிமேல் உன் சங்காத்தமே வேண்டாம்' என்பதுபோல. கணக்குத் தெரியாத ஜனங்களா இவர்கள்? கடைசிப் பைசா வரை தெரியும். அந்தக் கணக்கு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கெட்டிக்காரத்தனம்.

மொய்யைப் பற்றி ரொம்பவும் உருகவும் முடியவில்லை. மொய் செய்ய வட்டிக்குக் கடன் வாங்கியவர்களைத் தெரியும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்த நோட்டில் யார் பெயர் இருக்கும்? சொந்தம், சாதி, அதைத் தாண்டினால் ஒரு சில சிநேகிதர்கள். எங்கள் வீட்டு நோட்டில் எழுபது வருஷக் கணக்கு இருக்கிறது. தாத்தா வாங்கியதை அப்பா செய்தார், அப்பா வாங்கியதை நான் செய்கிறேன். இதில் எதிர்வீட்டுப் பெயர் எங்கேயும் கிடையாது. அவர்கள் குடிவந்து இருபது வருஷம் ஆகிறது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அம்மா வாசல் வரை போய்த் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வருவாள். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில்தான் நீங்களும் இருக்கிறீர்கள்.

அம்மா திணறியதன் காரணம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பங்காளி வீட்டுப் பெண் பதினோரு ராத்திரி விழித்திருந்தால், திருப்பிச் செய்ய அம்மாவுக்கு ஆயிரம் வழி தெரியும். காது குத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வழி போட்டுத்தான் வைத்திருக்கிறோம். தெருவைக் குறுக்கே தாண்டத்தான் வழி போடவில்லை. அவள் தாண்டி வந்துவிட்டாள், அம்மாவால் பதிலுக்குத் தாண்ட முடியவில்லை. என் கவரால் முடியுமா?

ஜப்பான் கதையை எல்லாம் போனில் அம்மாவிடம் சொன்னேன். மணிகளைச் சேர்த்து வைப்பது, ஊர் விட்டு ஊர் மாற்றுவது எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "நாம செஞ்சதை அவங்க திருப்பித் தருவாங்கன்னு என்ன நிச்சயம்? எழுதினவன் செத்துப் போயிட்டா?" என்றாள். நல்ல கேள்வி. இளைஞர்கள் குறைந்துகொண்டே வரும் ஜப்பானில், சேர்த்து வைத்த மணிகளை நாளைக்கு யார் தீர்ப்பது என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு கல்யாண மொய்யைச் சரிபார்க்க நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்தில் எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர். அதற்கு நேரே, ரூபாய் எழுதும் இடத்தில், '11 ராத்திரி'.

"இது என்னம்மா, இதை எப்படித் திருப்புவே?"

"அவ மக முழுகாம இருக்கு. வைகாசியில நாள் சொல்லியிருக்காங்க. புள்ளை பெத்தவளுக்குப் பக்கத்துல ராத்திரி ஆளு வேணும்ல?"

"நீ அவங்க வீட்ல போயி இருப்பியா?"

அம்மா நோட்டை வாங்கி மூடி, பீரோவில் வைத்தாள்.

"பதினோரு நாள் இருந்தா சரியாப் போயிடும். பன்னெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்."