சுவருக்குள் இருப்பதைச் சொல்லுதல்

குட்மேய்ஸில் எம்மவர் வாங்கும் வீடுகளிற் பல நூறு வயதைக் கடந்தவை. சிலவற்றின் சுவரிலும் சீலிங்கிலும் ஆட்டெக்ஸ் என்னும் சொரசொரப்பான பூச்சு இருக்கும். 1970களில் அதுவே நாகரிகம். இன்று அதை வழுவழுப்பாக்காமல் குடிபுக மனம் வராது.

1980களின் நடுப்பகுதி வரை இத்தகைய பூச்சுகளில் வெண் கல்நார் கலந்தார்கள். பிரித்தானியா அதை 1999இல் தடைசெய்தது. தொடாமல் விட்டால் ஆபத்து குறைவு. தேய்த்தால் நுண்ணிழைகள் காற்றில் பரவும். நோய் வெளித்தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

அந்தத் தூசியைச் சுவாசிப்பவர் நாள்கூலிக்கு வரும் தொழிலாளி. கல்நாரைக் கண்டறிந்து கண்காணிக்கும் கடமையை 2012ஆம் ஆண்டு விதிகள் கடை, அலுவலகம் போன்றவற்றின் பொறுப்பாளரிடமே வைக்கின்றன. சொந்த வீட்டில் குடியிருப்பவரிடம் அல்ல. சட்டம் கேட்காததை மனச்சாட்சிதான் கேட்க வேண்டும்.

முதலில் மாதிரியைச் சோதிப்பிக்கலாம். கல்நார் இருந்தால், தேய்க்காமல் மேலே பூசி மூடலாம். மூடினாலும் உள்ளே இருப்பதைத் தொழிலாளிக்கும், பின்னர் வீட்டை வாங்குபவருக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் விலை குறையலாம். அந்த நட்டத்தை இன்னொருவரின் நுரையீரலுக்கு மாற்றிவிட எமக்கு உரிமை இல்லை.