மறுத்த மருந்து: ஓர் அறவியல் நோக்கு

பிறர்க்குக் கிட்டாத மருந்தைத் தான் மட்டும் உண்ணல் தகாதென மறுத்து, அம்மறுப்பினால் தன்னுயிரையே இடருக்குள்ளாக்கும் ஒருவனது செயல் அறத்தின்பாற்படுமா? ஏட்டறிவினர் பொழுதுபோக்காக வகுத்துக்கொண்ட வினாவன்று இது. தென்னாபிரிக்காவில் ஒரு மனிதரின் உடலிலேயே இவ்வினா எழுந்தது.

1998 டிசெம்பரில் கேப் டவுன் நகரிற் சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் ஸாக்கி அக்மட். தமக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ளதை 1990 இலேயே அறிந்தவர் அவர். வைரசை அடக்கும் கூட்டு மருந்துகள் 1996 அளவில் நடைமுறைக்கு வந்தபோதும், ஆண்டுக்கு 10,000 டொலரளவான அவற்றின் விலை ஆபிரிக்க நோயாளருட் பெரும்பாலோர்க்கு எட்டாக்கனியாகவே இருந்தது. 2001 இல் இந்திய நிறுவனமான சிப்லா அவற்றை 350 டொலருக்கு வழங்க முன்வந்த பின்னரும் தென்னாபிரிக்க அரசு தயங்கிற்று. எயிட்சுக்கு இவ்வைரசுதான் காரணமோ என்றே ஐயுற்ற சனாதிபதி தாபோ எம்பெக்கியின் ஆட்சி அது. மருந்தைப் பெறும் வாய்ப்பு அக்மட்டுக்கு இருந்தது. எனினும், அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வரும் ஏழைகளுக்கும் அது கிட்டும்வரை தாம் உண்பதில்லையென அவர் உறுதி பூண்டார். 2002 ஜூலையில் நெல்சன் மண்டேலாவே அவரது இல்லஞ்சென்று வேண்டியும் அவர் இணங்கினாரல்லர்.

இதனை உண்ணாநோன்போடு ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். நோன்பை உரிய வேளையில் முடித்தவனது உடல் பெரும்பாலும் பழைய நிலையை எய்திவிடும், எச்.ஐ.வி. அழித்ததை உடல் அவ்வாறு எளிதில் மீட்பதில்லை. நிர்ப்பீடனத்தை நெறிப்படுத்தும் சி.டி.4 கலங்கள், நலமுள்ளவரின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 500 முதல் 1,500 வரை காணப்படும். 200 இற்குக் குறையின் அது எயிட்சு எனக் கொள்ளப்படும். மருந்து தொடங்கிய சில மாதங்களில் வைரசு அடங்க, இக்கலங்களின் எண்ணிக்கையும் விரைந்து உயர்கிறது. ஆனால் அத்தொடக்க உயர்வின் ஒரு பகுதி புதுப்பிறப்பன்று. நிணநீர்க்கணுக்களில் முடங்கியிருந்த பழைய கலங்கள் குருதிக்குத் திரும்புதலேயாம். புதிய கலங்களை ஆக்கவேண்டிய தைமசுச் சுரப்பியோ வயதோடு சுருங்குவது. நீண்டகால அழற்சியினால் நிணநீர்க்கணுக்களும் தழும்பேறிவிடுகின்றன. ஆதலின், 200 இற்குக் கீழே வீழ்ந்த பின் மருந்து தொடங்குவோருட் பலர் ஆண்டுகள் பல கழிந்தும் இயல்பான அளவை எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, மீண்டெழும் நிர்ப்பீடனம் உடலிற் பதுங்கியிருந்த காசநோய் போன்றவற்றைத் திடீரெனத் தாக்குவதால், மீட்சியே சிலர்க்கு நோயாய் முடிவதுமுண்டு.

காத்திருத்தல் என்பது ஒன்றுஞ் செய்யாதிருத்தலன்று என்பது இதனாற் பெறப்படும். மருத்துவ உலகே இதனை ஐயமற உணரக் காலஞ் சென்றது. சி.டி.4 எண்ணிக்கை 500 இற்கு மேற்பட்ட 4,685 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில், உடனே மருந்து பெற்றோருள் 42 பேருக்கும், 350 ஆகக் குறையும்வரை காத்திருந்தோருள் 96 பேருக்கும் கடும் நோயோ மரணமோ நேர்ந்தது. அம்முடிவு வெளியான 2015 இலேயே, எண்ணிக்கை எதுவாயினும் மருந்து தொடங்குக என உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்தது.

அக்மட்டின் செயலுக்கு எதிரான வாதங்களுள் வலியது இதுவே: அவர் உண்ணாதுவிட்ட மாத்திரை வேறெவர் வாய்க்கும் சென்றிலது. மூழ்கும் தோணியில் ஓரிடத்தை விட்டுக்கொடுப்பவன் இன்னொருவனைக் காக்கிறான். இவரோ எவரையும் நேரே காத்தாரல்லர். தன்னைப் பேணல் தனக்குத்தான் ஆற்றும் கடமை என்ற கான்ற், இதனை ஏற்றிருப்பாரென்பது ஐயமே. பிறிதோர் இடரும் உண்டு. தலைவரின் நோன்பு தொண்டர்க்குச் சொல்லாத கட்டளையாகிவிடக்கூடும். நோயுற்ற எளிய தொண்டன் ஒருவன் தானும் மறுத்தல் வேண்டுமென எண்ணின் அப்பழி யாரைச் சாரும்? இவ்வாதத்திற்கு நிறைவான விடை இல்லை.

ஆயினும் நோக்கவேண்டிய வேறுபாடொன்றுண்டு. அவர் இழந்தது தாம் அறிந்தே இசைந்து இழந்தது. அரசு பிறர்மீது சுமத்திய காத்திருப்புக்கு அவர்களது இசைவு கேட்கப்பட்டிலது. கணக்கில் வராது மறைந்துகிடந்த அக்காத்திருப்பை, பெயரும் முகமும் உடைய ஒருவரின் நோயாக நாட்டின்முன் நிறுத்தியதே அம்மறுப்பின் பயன். அவர் உயிர் தப்பினார் என்பதும், 2024 இற் பாராளுமன்றத் தேர்தலிற் சுயேச்சையாக நின்றார் என்பதும் மகிழ்ச்சிக்குரியனவே. அவை அச்செயல் சரியென்பதற்குச் சான்றாகா. அவர் இறந்திருந்தாலும் வினா இதுவாகவே இருந்திருக்கும்.

2003 ஆகஸ்டில் அரசு சிகிச்சைத் திட்டத்துக்கு இணங்கியது. தோழர்களும் வற்புறுத்த, அக்மட் மருந்துண்ண இசைந்தார். மறு ஆண்டு தொடங்கிய அத்திட்டத்திலும், நோய்க்குறி முற்றாத பெரியவர்க்கு 200 என்பதே எல்லை. அதற்கு மேற்பட்டோர் வீடு திரும்பி, மேலும் வீழ்ந்த பின் வருமாறு பணிக்கப்பட்டனர். 2000 முதல் 2005 வரை மருந்து தாமதித்தமையால் 330,000 இற்கு மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டனவென ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008 இற் கணித்தனர். பிழைத்தோர் நாளும் மாத்திரை உண்கின்றனர். அவருட் பலரின் எண்ணிக்கை ஓரளவு ஏறி அங்கேயே நின்றுவிட்டது.