கேட்பது ஓரிடம், வாங்குவது ஓரிடம்

எல்லை தாண்டிச் சரக்கு வாங்குவது நியாயமா என்று நம் வியாபாரிகளிடையே சில காலமாகவே பேச்சு நடக்கிறது. அரிசி, பருப்பைப் பற்றிய பேச்சன்று. ஃபோர்வீல் வண்டிகளின் உதிரிபாகங்களைப் பற்றியது. சுங்கை ஆயர் தாவாரிலும் சபாக் வட்டாரத்திலும் கடை வைத்திருப்போருக்கு இவ்வண்டி ஆடம்பரமன்று. மழை பிடித்துவிட்டால் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் சாதா வேன் இறங்கிய இடத்திலேயே நின்றுவிடும். தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோகிறவருக்கும் தேங்காய் ஏற்றுகிறவருக்கும் ஒரு பழைய ஹைலக்ஸ்தான் கைகொடுக்கிறது. சேறும் தண்ணீரும் அதன் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுகொண்டே இருக்கின்றன.

எல்லை என்று பெர்ணம் ஆற்றைச் சொல்லவில்லை. அதைத் தாண்டினால் பேராக் மாநிலம், அவ்வளவுதான். தாய்லாந்தைச் சொல்கிறோம். 2004ஆம் ஆண்டில் வந்த புது ஹைலக்ஸ் முதற்கொண்டு அவ்வண்டிக்குப் பெரிய உற்பத்தித் தலம் அந்நாடே. ஆகவே அங்கே பாகங்கள் மலிந்து கிடக்கின்றன. ஹட்யாய் போய் வருகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மற்றவர்கள் கடையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் தருவித்துக்கொள்கிறார்கள்.

உள்ளூர்ப் பணம் உள்ளூரிலேயே சுற்ற வேண்டும், வெளியே வாங்குவது துரோகம் என்று சில அன்பர்கள் கடுமையாகப் பேசுகின்றனர். இவ்வாதம் நமக்கு ஏற்புடையதாகப் படவில்லை. நம் முன்னோர் யார்? நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். கைலியும் மசாலாவும் கடல் தாண்டி வந்தபோது லாபம் என்றோம். பிரேக் பேட் எல்லை தாண்டி வரும்போது மட்டும் துரோகம் என்போமா? மேலும், இதில் சர்க்காரும் ஓரளவு சமன் செய்துவிட்டது. 500 வெள்ளிக்கு மேற்படாத சரக்கைக் கைப்பேசி வழியே வெளிநாட்டிலிருந்து வாங்கினால், 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்குப் பின்னும் அங்கே மலிவு என்றால், வாங்குகிறவரைக் குறை சொல்வானேன்?

ஆனால் இதனுள்ளே வேறொரு காரியம் நடக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

தேய்ந்துபோன பேரிங் ஒன்றைப் பழைய காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஒருவர் உள்ளூர்க் கடைக்குப் போகிறார். அதன் மேலிருந்த எண் அழிந்துவிட்டது. "தௌக்கே, இது என்ன நம்பர்?" என்று கேட்கிறார். தௌக்கே அதை எண்ணெய் விட்டுத் துடைக்கிறார். காலிபர் வைத்து உள்வட்டம், வெளிவட்டம், கனம் மூன்றையும் அளக்கிறார். வண்டி எந்த வருஷத்தது, 2.5 இஞ்சினா 3.0 இஞ்சினா என்று விசாரிக்கிறார். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கிளட்ச் தட்டுகூட இஞ்சின் மாறினால் பொருந்தாமற் போகலாம். சாதாரணக் குண்டு பேரிங்கின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். 6205 என்றால் 25. (மிகச் சிறிய பேரிங்குகளுக்கு இக்கணக்கு ஒத்துவராது.) பள்ளியில் படித்துவந்த கணக்கன்று இது, முப்பது வருஷம் கை கறுத்துக் கற்றது. அரை மணி நேரம் கழித்து அவர் எண்ணைச் சொல்கிறார், விலையையும் சொல்கிறார். வந்தவர் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வருகிறேன்" என்று கிளம்புகிறார். வாசற்படி தாண்டுமுன்பே ஹட்யாய்க்குச் செய்தி போய்விடுகிறது.

இவர் எதைத் திருடினார்? ஒன்றும் திருடவில்லை என்று சொல்லிவிடலாம். மூன்று கடையில் விலை கேட்டுத்தான் மனிதன் வாங்குவான். நம் கடைக்கு வருகிறவரும் அப்படித்தான். விலை கேட்பது யாவருக்கும் உள்ள உரிமை. ஆனால் இங்கே கேட்டது விலையையா? அரை மணி நேர உழைப்பையும் முப்பது வருஷ அறிவையும் அல்லவா? தௌக்கே அதை வியாபாரம் ஆகும் என்ற நம்பிக்கையில் கொடுத்தார். வாங்கப் போவதில்லை என்று வந்தவருக்குத் தெரியும். தெரிந்தும் வாங்குகிறவரைப் போல் நின்றார். ஏலத்தில் வாங்கும் நிய்யத் இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்கு நஜ்ஷ் என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். இது அதுவன்று. சட்டத்தில் இரண்டையும் ஒன்றாக்க நாம் ஆலிமும் அல்லர். ஆயினும் வாங்குபவனின் வேஷம் இரண்டிலும் இருக்கிறது.

தௌக்கேயின் பக்கமும் எப்போதும் சுத்தமென்று சொல்வதற்கில்லை. வண்டி தோட்டத்துக்குள் படுத்துவிட்டது, ஆள் தவிக்கிறான் என்று தெரிந்து இரட்டை விலை சொல்கிறவர் உண்டு. மட்டச் சரக்கை ஒரிஜினல் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறவரும் உண்டு. கொள்ளை லாபத்தைத் தடுக்க 2011ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு எவரும் எல்லை தாண்டட்டும். ஆனால் 90 வெள்ளிச் சரக்கை 120க்கு விற்கிறவரை அந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. மூன்று வருஷம் அலமாரியில் முடங்கிய பணம், கடன் கணக்கு, பொருந்தாவிட்டால் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு எல்லாம் அந்த 30க்குள் அடங்கியிருக்கின்றன. இதை மளிகைக் கடைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பேரங்காடியில் ரொக்கமும் நம்மிடம் கடனுமாக வாங்கும் வாடிக்கையாளர் நம் எல்லோருக்கும் உண்டு.

தவறான பாகம் வந்துவிட்டால் என்ன செய்வது? நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முறையிட நடுவர் மன்றமும் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் இருக்கிறவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது எளிதன்று. ஆகவே அந்தப் பாகம் மீண்டும் அதே தௌக்கேயிடம்தான் வருகிறது, "கொஞ்சம் கடைந்து பொருத்திக் கொடுங்கள்" என்ற வேண்டுகோளோடு. இந்தத் துணிச்சலைத்தான் நம்மால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

வெளியே வாங்க எண்ணுகிறவர் அதை முதலிலேயே சொல்லிவிடலாம்: "பாகத்தை நான் தருவித்துக்கொள்கிறேன், அளந்து நம்பர் மட்டும் சொல்லுங்கள், கூலி என்ன?" இப்படிக் கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? வைத்தியருக்குக் கொடுக்கிறோம், மருந்தை வேறிடத்தில் வாங்குகிறோம். நாம் அறிந்த ஒரு பட்டறைக்காரர் சுவரில் அட்டை எழுதி மாட்டிவிட்டார்: அளந்து நம்பர் சொல்ல 10 வெள்ளி, இங்கேயே வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும். முதல் மாதம் இரண்டொருவர் கோபித்துக்கொண்டு போனார்களாம். இப்போது பாதிப்பேர் 10 வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், மீதிப்பேர் அங்கேயே வாங்குகிறார்கள் என்கிறார்.