மகள்களுக்காக வெட்டிய சுரங்கம்

நியூசிலாந்தின் தென்தீவில் டுனீடின் என்ற ஊரில் என் மகள் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். அவளோடு இரண்டு மாதம் போய் இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, "டனல் பீச் பாத்துட்டு வாம்மா. போக வர ஒரு மணி நேரந்தான். உன்னைப் பாதை தொடங்குற இடத்துல இறக்கி விட்டுட்டு நான் லேபுக்குப் போறேன்" என்றாள்.

"தனியாவா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வயது ஐம்பத்தாறு. வேலைக்கு, வங்கிக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று தனியாக எவ்வளவோ அலைந்திருக்கிறேன். ஆனால் எந்தக் காரியமும் இல்லாமல், சும்மா கடலைப் பார்க்க, தனியாக ஒருநாளும் போனதில்லை. அது அந்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை இருந்தது. சரிவு செங்குத்தானது, பாறை விளிம்புக்குப் போகாதீர்கள், கடல் உள்வாங்கியிருக்கும் நேரம் பார்த்து இறங்குங்கள் என்கிற மாதிரி எச்சரிக்கைகள். இருபுறமும் புல்வெளி, நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. கீழே வெளிறிய மஞ்சள் நிறத்தில் மணற்பாறைச் செங்குத்துகள், கடல் குடைந்த ஒரு பெரிய வளைவு, அதற்கப்பால் பசிபிக். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல் இறுகி இந்தப் பாறை ஆயிற்று. "பாறையை உத்துப் பாரும்மா, பழைய கிளிஞ்சல் துண்டு தெரியும்" என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். பாறை என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிரியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைசியில் பாறைக்குள் ஒரு சுரங்கம் வருகிறது. உள்ளே இருட்டு, ஈரம், கீழ்நோக்கிப் படிகள். சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினேன். வெளியே வந்தால் உருண்டைப் பாறைகள் கிடக்கும் ஒரு சின்னக் கடற்கரை. மூன்று பக்கமும் பாறைச் சுவர், அதன் அடியில் அலை குடைந்த குகைகள். ஒரு குகை வாயில் உட்கார்ந்தேன். எதிரே கடல் மட்டும்தான்.

இந்தச் சுரங்கம் இயற்கையாக உண்டானதல்ல. 1870களில் ஜான் கார்கில் என்பவர் தன் குடும்பத்துக்குத் தனிக் கடற்கரை வேண்டும் என்று ஆள் வைத்துக் கையாலேயே வெட்டச் செய்தது. 1848-ல் இங்கே வந்த ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் தலைவர் கேப்டன் வில்லியம் கார்கிலின் மகன் அவர். காய் தாஹு மக்களின் கரை இப்படித்தான் ஒருவரின் சொந்தக் கரையாயிற்று. மகள்கள் பிறர் கண்ணில் படாமல் கடலாட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்று ஊரில் சொல்கிறார்கள். கல்லை வெட்டியவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. மகள்களும் வெறும் 'மகள்கள்'தான்.

ஊர்வாயில் இன்னொரு கதையும் உலவுகிறது. அந்த மகள்களில் ஒருத்தி இங்கேயே மூழ்கிச் செத்தாள் என்று. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் கதை நிற்கிறது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. நம் ஊரிலும் தனியாகப் போன பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல எந்தக் கிணற்றுக்கும் எந்த ஆற்றுக்கும் ஒரு கதை உண்டு. பூட்டுப் போட முடியாத இடத்தில் கதை பூட்டாகிறது.

குகை வாயில் உட்கார்ந்து முதலில் அந்த அப்பாவை மெச்சினேன். அந்தக் காலத்தில் மகள் கடலைப் பார்க்கட்டும் என்று மலையைக் குடைந்திருக்கிறாரே! பிறகு என்னை நினைத்தேன். நானும் மலையைக் குடைந்தவள்தான்.

கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக அவளை வளர்த்தேன். பள்ளிக்குத் தெரிந்த அண்ணாச்சியின் ஆட்டோ. டியூஷனுக்கு நானே கூடப்போய் வாசலில் காத்திருப்பேன். பிறகு பெண்கள் கல்லூரி, கல்லூரி வேன். "பொம்பளப் புள்ளைய எவ்வளவு சுதந்திரமா வளக்கா பாரு" என்று தெருவில் சொல்வார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். வீட்டிலிருந்து வகுப்பறை வரைக்கும் நான் வெட்டிய சுரங்கத்தில் அவள் பத்திரமாகப் போய் வந்தாள்.

அது சுதந்திரமா? அவள் போன இடமெல்லாம் நான் திறந்துவிட்ட இடம். நான் நல்லவளாக இருந்ததால் திறந்திருந்தது. ஒருநாள் எனக்குப் பயம் வந்தால் மூடிவிடும். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-லேயே இந்த இடத்தைத் தொட்டார்: பிறர் தயவை நம்பி வாழ்பவர், அந்தத் தயவு எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும், சுதந்திரமானவர் அல்ல.

எனக்கு அந்தப் பயம் ஒருநாள் வந்தது. பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஒரு கல்லூரியில் மண்ணியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. கடிதம் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. நான் பிரித்துப் படித்தேன். சேர ஐந்து நாள் அவகாசம் இருந்தது. பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். ஐந்து நாளும் அவள் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றாள். ஆறாம் நாள் உள்ளூர்ப் பெண்கள் கல்லூரியில் ரசாயனம் சேர்த்துவிட்டேன். இன்று அவள் ஆராய்வது கடல்நீரின் ரசாயனத்தை. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட வருஷங்கள் பல.

அலை கொஞ்சம் நெருங்கியது. பலகை ஞாபகம் வந்தது. அந்தப் பலகையும் பயப்படத்தான் சொல்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்கிறது. எனக்குத் தெரியாததைத் தெரிவித்துவிட்டு, முடிவை என்னிடம் விட்டுவிடுகிறது. நான் மகளுக்குச் செய்தது நேர்மாறு. தெரிய வேண்டியதை மறைத்து, முடிவை எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கைக்கும் தடைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்று நம் அறிவைக் கூட்டுகிறது, மற்றது நம் அறிவை நம்ப மறுக்கிறது.

"பலகை கடலைப் பற்றிச் சொல்கிறது. பெண்ணுக்கு ஆபத்து கடலால் மட்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். சென்னையில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இதே தெரு என்னைத்தான் கேட்டிருக்கும். என் பயம் பொய்யில்லை.

ஆனால் அங்கேதான் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஆறு மணிக்குள் வந்துவிடு, அந்தப் பக்கம் போகாதே என்று மகள்களுக்கு நாம் சொல்வதெல்லாம் ஓர் ஓத அட்டவணை மாதிரி இருக்கிறது. கடல் ஏறும், நாம்தான் விலகிக்கொள்ள வேண்டும் என்பது போல. கடலுக்கு மனசில்லை, அது நிலவுக்குக் கட்டுப்பட்டது. பெண்ணைப் பின்தொடர்பவனுக்கு மனசு உண்டு, அவன் செய்யாமல் இருக்க முடியும். மனிதன் செய்வதை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டால் செய்தவனைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, பெண்ணின் நேரத்தைக் குறைத்தால் போதும். 2015-ல் தில்லி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 'பிஞ்ரா தோட்', அதாவது கூண்டை உடை என்று கிளம்பியபோது, பிள்ளைகளுக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது இதைத்தான்: தெரு சரியில்லை என்றால் ஏன் எங்களைப் பூட்டுகிறீர்கள்?

அப்படியானால் ஒரு தாய் என்னதான் செய்வது? இதே ஊரில் இன்னொரு பதில் இருக்கிறது. கார்கில் சுரங்கம் வெட்டிய அதே காலத்தவர் லேர்மந்த் டால்ரிம்பிள் என்ற பெண்மணி. பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று பல வருஷம் மனு மேல் மனுவாகப் போராடினார். 1871-ல் ஒட்டாகோ பெண்கள் உயர்நிலைப் பள்ளி திறந்தது. அதே வருஷம் ஒட்டாகோ பல்கலைக்கழகமும் பெண்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டது. அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் என் மகள் படிக்கிறாள். கார்கில் தன் மகள்களுக்கு ஒரு வழி வெட்டினார். டால்ரிம்பிள் யாருடைய மகளுக்கும் ஒரு கதவைத் திறக்க வைத்தார். முதலாவது கொடை, அப்பா மனசு மாறினால் போய்விடும். இரண்டாவது உரிமை, அதற்கு யார் மனசும் தேவையில்லை.

சுரங்கம் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கல் அதேதான், யாருக்கு என்பது மாறிவிட்டது. அதனால்தான் என்னைப் போல ஒருத்தி, யாருடைய மகள் என்று யாரும் கேட்காமல், அங்கே அரை மணி நேரம் உட்கார முடிந்தது.

ஏறி வரும்போது முழங்கால் வலித்தது. மூன்று இடத்தில் நின்றேன். அன்று இரவு சாப்பிட்ட பிறகு கடித விஷயத்தை மகளிடம் சொன்னேன். பதிமூன்று வருஷம் கழித்து.

அவள் வெகுநேரம் பேசவில்லை. பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். பிறகு, "அந்த லெட்டர் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"ஊருக்குப் போனதும் அனுப்பி வை. எனக்கு வந்ததுதானே."

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊர் திரும்பிய மறுநாளே தபால் ஆபீசுக்குப் போனேன். உறைக்குள் வேறு எதுவும் எழுதி வைக்கவில்லை. என் காரணங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தால் அது மறுபடியும் என் கடிதமாகிவிட்டிருக்கும்.