கல்லும் காணிக்கையும்

ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருவோரில் பாதிப்பேர் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். மழைக்காலத்தில் குடை பிடித்தபடியே வழிபாட்டை முடித்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். கூரை மரம் உளுத்துவிட்டது. சிறுவர்க்கு மறைக்கல்வி நடத்தத் தனி அறை இல்லை. இந்நிலையை எய்தும் பங்கு எந்நாட்டில் இருப்பினும், அதன் பேரவையில் ஒருநாள் அவ்வினா எழுந்தே தீரும்: புதிய ஆலயம் கட்டுவதா, வேண்டாவா? பொறியாளரும் கணக்கரும் கூடி விடை கண்டுவிடலாம் என்றே முதலில் தோன்றும். ஆழ்ந்து நோக்குவார்க்கோ அஃது ஓர் அறவியல் வினா என்பது புலனாகும்.

கட்டவேண்டும் என்போர் பெத்தானியாவில் நிகழ்ந்ததைச் சான்று காட்டுவர். பெண்ணொருத்தி விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலைமீது ஊற்றினாள். முந்நூறு தெனாரியத்துக்கு மேல் விலைபோகும் தைலம் அது. ஒரு தெனாரியம் கூலியாள் ஒருவரின் ஒருநாள் ஊதியம். எனவே ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் கவிழ்க்கப்பட்டது. விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று உடனிருந்தோர் முணுமுணுத்தனர். அப்படிச் சொன்னவன் யூதாசு என்றும், பணப்பை அவனிடமே இருந்தது என்றும் யோவான் நற்செய்தி கூறும். இயேசு அப்பெண்ணின் பக்கமே நின்றார். ஆகவே இறைவனுக்குச் செய்யும் செலவை வீண் என இகழலாகாது என்பது இவர்தம் வாதம். வாதம் வலியதே. ஆயினும் இதில் ஒன்று மறக்கப்படுகின்றது. தைலம் அப்பெண்ணுடையது; அயலார் வீட்டுத் தைலத்தை அவள் ஊற்றவில்லை.

வேண்டா என்போருக்கும் சான்றோர் துணை உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், கிறிஸ்துவின் மேசையைப் பொற்கிண்ணங்களால் நிரப்பிவிட்டு, ஏழையின் உருவில் அவரைப் பட்டினி கிடக்க விடுவோரைக் கடிந்துரைத்தார். மிலான் நகரின் ஆயர் புனித அம்புரோஸ், 378ஆம் ஆண்டு அதிரியானோப்பிள் போரில் உரோமைப் படை தோற்றதை அடுத்துக் கோத்தியரிடம் சிறைப்பட்டோரை மீட்பதற்காகத் திருப்பாத்திரங்களையே உருக்கி விற்றார். ஆனால் இவ்விருவரையும் கட்டடத்தின் பகைவராகக் கொள்வது பிழை. கிறிசோஸ்தோம் காணிக்கையைத் தடுத்தாரல்லர். பசித்தவனுக்கு முதலில் உணவிடுக என்றே பணித்தார். அம்புரோசோ மிலானில் ஆலயங்கள் எழுப்பியவர். 386இல் அவர் அர்ச்சித்த ஆலயம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கல் வேறு, சோறு வேறு என்று பிரித்துப் பேசுவதும் முழுதும் பொருந்துவதன்று. எருசலேம் தேவாலயத் திருப்பணி முடிவுற்றபோது பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்து நின்றனர் என்றும், அவர்களுக்கு வேலை கொடுக்கும்பொருட்டு நகரத் தெருக்களில் வெண்கல் பாவ மன்னன் அகிரிப்பா இசைந்தான் என்றும் வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். கட்டுமானம் பலர் வீட்டு உலையில் அரிசியாக விழுந்ததற்கு இது சான்று.

அந்தத் தேவாலயம் இவ்வினாவுக்கு வேறொரு வகையிலும் ஒளி தருகின்றது. ஏரோது மன்னன் கி.மு. 20ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி அது. மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில், ஏழைக் கைம்பெண் ஒருத்தி அதன் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போடுகின்றாள். தன் பிழைப்புக்கென வைத்திருந்த அனைத்தும் அவ்வளவே. மேடைதோறும் போற்றப்படும் கொடை அது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேர்த்துப் படிப்போர் சிலரே. சற்று முன்னே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூலறிஞரை இயேசு கண்டிக்கின்றார். பின்னே, பதின்மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், சீடர் ஒருவர் தேவாலயக் கற்களின் பெருமையை வியந்து பேசுகின்றார். அவற்றுள் ஒன்றும் கல்லின்மேல் கல்லாக நில்லாது என்று விடை வருகின்றது. கி.பி. 70இல் தீத்துவின் படை அதை நிறைவேற்றியது. பல தலைமுறையாய்க் கட்டிய மாளிகை, பணி நிறைவெய்திய பத்தாண்டுக்குள் சாம்பலாயிற்று. அந்த இரண்டு காசும் அதனுள்தான் இருந்தன. கைம்பெண்ணின் மனம் போற்றுதற்குரியது, ஐயமில்லை. அவளது கடைசிக் காசைப் பெற்றுக்கொண்ட நிறுவனமும் போற்றுதற்குரியதா என்பது வேறு வினா. கொடுப்பவளின் அறத்தைக் காட்டிப் பெறுவோர் தம் அறத்தை மெய்ப்பித்துக்கொள்ள இயலாது.

இப்பிழை மிகப்பெரும் அளவில் நேர்ந்ததை உரோமை நகரின் புனித பேதுரு பேராலயம் காட்டும். திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1506இல் அதன் அடிக்கல்லை நாட்டினார். பின்வந்த பத்தாம் லியோ காலத்தில், செலவை ஈடுகட்ட ஜெர்மானிய நிலப்பகுதிகளில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் பணத்துக்கு வழங்கப்பட்டன. 1517இல் மார்ட்டின் லூதர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கூற்றுகளுள் ஒன்று, பெருஞ்செல்வரான திருத்தந்தை ஏழை விசுவாசிகளின் பணத்தை விடுத்துத் தம் பணத்தில் இப்பேராலயத்தைக் கட்டலாகாதா என்று வினவுகின்றது. கட்டடம் எழுந்தது; 1626இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் அழகை மறுப்பார் இலர். ஆனால் அதற்குள் மேலைத் திருச்சபை இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளவுக்குக் காரணங்கள் பல எனினும், கொடுக்க மறுக்க இயலாதாரிடம் அச்சத்தைக் காட்டிப் பெற்ற காசு அவற்றுள் முதல் வரிசையில் நிற்கின்றது.

இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இவ்வகையில் விழிப்போடுதான் இருக்கின்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, ஆயரின் எழுத்து வழி இசைவின்றி ஆலயம் எழுப்பலாகாது. ஆயரும் குருக்கள் மன்றத்தையும் அண்டை ஆலயப் பொறுப்பாளரையும் கலந்து, ஆன்மாக்களின் நலனுக்கு அது பயன்படுமா, கட்டவும் வழிபாடு நடத்தவும் பொருள் போதுமா எனத் தெளிந்த பின்னரே இசைவு தரவேண்டும். பொருள் போதுமா என்று சட்டம் கேட்கின்றது. யாருடைய பொருள் என்று கேட்கவேண்டியது பங்கின் மனச்சான்று.

மலேசியத் தமிழர் வாழ்வில் இவ்வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே உழைத்தவர்க்குக் குடியிருந்த லயத்து வீடு சொந்தமன்று, மண்ணும் சொந்தமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, தம்முடையது என்று சுட்டிக்காட்ட ஒரு சுவரேனும் வேண்டும் என்ற ஏக்கம் அவர்களிடம் இருந்தது. இந்துக்கள் கோயிலுக்கும் கத்தோலிக்கர் மாதா கோயிலுக்கும் கூலியிலிருந்து பிரித்துக் கொடுத்தனர். வசதியான நாற்காலியில் அமர்ந்துகொண்டு, அப்பணத்தை ஏழைகளுக்கே கொடுத்திருக்கலாமே என்பார்க்கு அந்த ஏக்கம் விளங்காது. ஏழைக்குச் சோறு மட்டும் போதும், அழகு வேண்டா என்று பிறர் தீர்ப்பு எழுதுவதும் ஒருவகை இழிவுபடுத்தலே.

புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருத்தலத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கு முதற் சிற்றாலயம் எழுந்தது 1846இல். 1888இல் பெரிய ஆலயம் கட்டப்பட்டது. ஜூலை மாதத் திருவிழாவுக்குச் சீனரும் தமிழரும் பிற சமயத்தாரும் பெருந்திரளாகக் கூடவே, அதுவும் போதாமற்போயிற்று. 2002இல், மினாங்கபாவ் பாணிக் கூரையோடு புதிய ஆலயம் எழுந்தது. பழையதை இடித்துவிடவில்லை, அது தன் இடத்தில் இன்றும் நிற்கின்றது. கூட்டம் முதலில் வந்தது. கூரை பின்னர் வந்தது. இம்முறைமை எல்லாப் பங்குக்கும் வாய்ப்பதில்லை. அண்டைப் பங்கு கட்டிவிட்டதே என்பதற்காகக் கட்டப் புகுவோரும் உளர். ஞாயிறு காலையில் இன்னொரு திருப்பலி சேர்த்தாலே தீர்ந்துவிடும் நெருக்கடிக்கு இலட்சங்களைக் கொட்டுவோரும் உளர்.

தண்டல் முறையில்தான் பெரும்பாலும் தவறு நேர்கின்றது. குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று சில இடங்களில் வரையறுத்துவிடுகின்றனர். கொடுத்தோர் பெயரைப் பலகையில் ஒட்டுகின்றனர். பெருந்தொகையினர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கின்றனர். பலகையில் தன் பெயரைக் காணாத நாட்கூலித் தாய், மெல்ல மெல்ல வருகையைக் குறைத்துக்கொள்கின்றாள். வெளியே நிற்போர்க்கு இடம் செய்வதற்கென்று தொடங்கிய பணி, அவளை வாயிலுக்கும் வெளியே அனுப்பிவிடுகின்றது. வரைபடம் எழுதுமுன் அவள் வீட்டுக்குச் சென்று, கட்டலாமா என்று கேட்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆயினும் அது நடைபெறுவது அரிது. பேரவைக் கூட்டம் வாரநாளில் இரவு எட்டு மணிக்குக் கூடுகின்றது. தொழிற்சாலையில் இரவுமுறை வேலைக்குச் சென்றவர் அங்கு வரார். கைக்குழந்தையோடு பேருந்துக்குக் காத்து நிற்பவளும் வாராள். அவர்கள் இல்லாமலே கைகள் உயர்ந்து தீர்மானம் நிறைவேறும். தவணை அட்டை மட்டும் மறுவாரம் அவர்கள் வீட்டைத் தேடிச் செல்லும்.